நாடுகடத்தப்பட்ட பிறகு: உங்களை வெளியே அனுப்பிய காகிதம் எது?

விசா விண்ணப்பத்தை நிரப்புகிறவர் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் என்று விறுவிறுவெனக் கடந்துவிடுவார். கடைசிப் பக்கங்களில் ஒரு கேள்வி காத்திருக்கும்: "எந்த நாட்டிலிருந்தாவது நீங்கள் எப்போதாவது வெளியேற்றப்பட்டதோ நாடுகடத்தப்பட்டதோ உண்டா?" பக்கத்தில் இரண்டே வட்டங்கள்: ஆம், இல்லை. ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவரின் கை அங்கேதான் நின்றுவிடும். நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, பாஸ்போர்ட்டும் புதிது, இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனம் ஒரு பக்கம் இழுக்கும். 'ஆம்' என்று சொன்னால் எல்லாம் முடிந்துபோகுமே என்ற அச்சம் மறு பக்கம்.

அந்தக் கேள்வியின் முன் உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரவர் வழக்குக்கு ஒரு குடியேற்ற வழக்கறிஞர் தேவைதான். ஆனால் அவரிடம் போய் என்ன கேட்பது என்றாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தமிழில் 'நாடுகடத்தல்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். விமான நிலையத்திலேயே மறித்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டாலும் நாடுகடத்தல். பத்து ஆண்டுகள் வாழ்ந்தவரை நீதிபதியின் உத்தரவோடு அனுப்பினாலும் நாடுகடத்தல். "நீங்களே கிளம்பிவிடுங்கள்" என்று அதிகாரி சொன்னதைக் கேட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனாலும் ஊர் வாயில் அது நாடுகடத்தல்தான். சட்டத்தின் கண்ணில் இவை மூன்றும் வேறு வேறு. ஒன்றின் பின்விளைவு சில கூடுதல் கேள்விகளோடு முடிந்துவிடலாம். இன்னொன்று வாழ்நாள் முழுவதும் கதவைச் சாத்திவிடலாம்.

ஆகவே "இனி வெளிநாடு போக முடியுமா?" என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் காகிதத்தின் பேரில் வெளியேறினோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பதற்றத்தில், சரியாகப் புரியாத மொழியில், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவருக்கு இதற்குப் பதில் தெரியாமல் இருப்பது இயல்பு. திருப்பி அனுப்பப்படுகிறவரின் பாஸ்போர்ட்டைப் பல நேரங்களில் ஓர் உறையில் போட்டு விமானப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுவார்கள். இறங்கிய பிறகுதான் அது அவர் கைக்கு வரும். அவமானமும் களைப்புமாக வீடு திரும்புகிறவருக்கு அந்த உறையைக் கிழித்தெறியத்தான் தோன்றும். தயவுசெய்து கிழிக்காதீர்கள். அதில் இருக்கும் தாள்கள் பின்னாளில் பாஸ்போர்ட் அளவுக்கே தேவைப்படும்.

காகிதத்தின் வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அங்கே வெளியேற்ற உத்தரவு மூன்று வகை. முதலாவது, புறப்பாட்டு உத்தரவு. அது நடைமுறைக்கு வந்த 30 நாட்களுக்குள் கிளம்பிவிட வேண்டும். முறையாகக் கிளம்பியவருக்கு அந்த உத்தரவினால் எந்தத் தடையும் இல்லை. இரண்டாவது, விலக்கல் உத்தரவு. பொதுவாக 1 ஆண்டு திரும்பி வரக்கூடாது. பொய்த் தகவல் தந்ததற்காக விதிக்கப்பட்டது என்றால் 5 ஆண்டு. மூன்றாவதுதான் உண்மையான நாடுகடத்தல் உத்தரவு. அதற்குக் காலக்கெடுவே கிடையாது. எத்தனை ஆண்டு கழித்துப் போக நினைத்தாலும், திரும்பி வருவதற்கான அனுமதியைத் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

இப்போது ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கையில் புறப்பாட்டு உத்தரவு. இருபதாம் நாளே சொந்தச் செலவில் டிக்கெட் எடுக்கிறார். பெட்டியைக் கொடுத்து, பாதுகாப்புச் சோதனை முடித்து, விமானம் ஏறி வீடு வந்து சேர்கிறார். சொன்ன கெடுவுக்கு முன்பே கிளம்பிவிட்டோம் என்ற நிம்மதி. ஆனால் அவர் ஒன்றைச் செய்யவில்லை. கிளம்பும் விமான நிலையத்தில் எல்லைச் சேவை அதிகாரியைப் பார்த்து, தாம் புறப்படுவதை உறுதிசெய்து, புறப்பாட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளவில்லை. அதைச் செய்யாவிட்டால், 30 நாள் கடந்ததும் புறப்பாட்டு உத்தரவு தானாகவே நாடுகடத்தல் உத்தரவாக மாறிவிடுகிறது. அவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய நிலை மாறிப்போகிறது, யாரும் கதவைத் தட்டிச் சொல்வதில்லை. பல ஆண்டுகள் கழித்து மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக விசா கேட்கும்போதுதான் தெரியவருகிறது. நியாயமாக நடந்துகொண்ட ஒருவர் ஒரு தாள் இல்லாத குறையால் இப்படி மாட்டிக்கொள்வதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த உத்தரவோடு இருந்தால், அந்தச் சான்றிதழைப் பற்றி இன்றே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவின் கணக்கு வேறு. அங்கே 1996-இல் சட்டத்தைத் திருத்தியபோது பழைய பிரிவுகளை ஒன்றாக்கி 'அகற்றுதல்' என்ற ஒரே பெயரில் கொண்டுவந்தார்கள். எல்லையிலேயே நிறுத்தி விரைவு நடைமுறையில் அகற்றினால் 5 ஆண்டுத் தடை. உள்ளே இருந்தவரை வழக்கு நடத்தி அகற்றினால் 10 ஆண்டு. இரண்டாம் முறை அகற்றப்பட்டால் 20 ஆண்டு. சட்டம் 'கடுமை மிகுந்த குற்றம்' என்று வகைப்படுத்தும் குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு நிரந்தரம். வெளியேற்றும்போது தருகிற ஐ-296 போன்ற அறிவிப்பில் இந்த ஆண்டுகளுக்கு எதிரே சிறு கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தில் குறி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தடைக்காலம் அதுதான்.

அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டவருக்கு இன்னொரு வழியும் உண்டு. நுழைவுக்கான கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அதிகாரி அனுமதிக்கலாம். அது அவருடைய விருப்பம், நம் உரிமை அல்ல. அப்படித் திரும்பினால் கையிலிருந்த விசா பெரும்பாலும் ரத்தாகும். ஆனால் 5 ஆண்டுத் தடை விழாது. ஒரே விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் மீது தடை இருக்கும், மற்றவர் மீது இருக்காது. வெளியே பார்ப்பவர்களுக்கு இருவருமே 'திருப்பி அனுப்பப்பட்டவர்கள்'.

அகற்றும் உத்தரவு எதுவுமே இல்லாதவருக்கும் அமெரிக்காவில் தடை வரும் என்பதுதான் புதிதாகக் கேட்பவர்களைத் திகைக்கவைக்கிறது. சட்டப்படி தங்கும் உரிமை இல்லாமல் 180 நாளுக்கு மேல், ஆனால் 1 ஆண்டுக்குள் இருந்துவிட்டுக் கிளம்பினால் 3 ஆண்டுத் தடை. 1 ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால் 10 ஆண்டு. 18 வயது நிரம்பாத நாட்கள் இந்தக் கணக்கில் சேரா. கவனிக்க வேண்டியது என்னவென்றால், நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கும்போதுதான் இந்தத் தடை பிறக்கிறது. உள்ளே இருக்கும்வரை அது தூங்கிக்கொண்டிருக்கும். "வெளியே போய்த் தூதரகத்தில் முறையாக விசா வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று நல்லெண்ணத்தோடு கிளம்பியவர், தூதரகத்தின் வாசலில் நின்றுதான் தமக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டதை அறிகிறார். இவருக்கு யாரும் விலங்கு மாட்டவில்லை, உத்தரவும் போடவில்லை. ஆனாலும் பத்து ஆண்டு.

தாமாக வெளியேற நீதிபதியிடம் அனுமதி பெறுவதும் உண்டு. வழக்கின் தொடக்கத்தில் கேட்டால் 120 நாள் வரை, முடிவில் கேட்டால் 60 நாள் வரை கிடைக்கலாம். சொன்ன நாளுக்குள் போய்விட்டால் 'அகற்றப்பட்டவர்' என்ற முத்திரை விழாது. போகாமல் இருந்துவிட்டால் அந்த அனுமதியே அகற்றும் உத்தரவாக மாறும், அபராதமும் சேரும், தங்குவதற்கான பல சட்டச் சலுகைகளை 10 ஆண்டுக்குக் கேட்க முடியாது. உத்தரவு வந்த பிறகு, யாரும் பிடிப்பதற்கு முன் தானே டிக்கெட் எடுத்துப் போய்விட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. உத்தரவு நிலுவையில் இருக்கும்போது சொந்தக் காலில் நடந்து போனாலும் சட்டம் அவரை அகற்றப்பட்டவராகவே கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, தடை இருக்கும்போது எல்லையைக் கள்ளத்தனமாகத் தாண்டி மீண்டும் உள்ளே போவது. பழைய உத்தரவை அப்படியே உயிர்ப்பித்து, புதிதாக விசாரணை இல்லாமலே அனுப்பிவிடலாம். தடை நிரந்தரமாகிறது, 10 ஆண்டு வெளியே இருந்த பிறகுதான் அனுமதி கேட்கவே முடியும். அது குற்ற வழக்காகவும் ஆகும்: சாதாரணமாக 2 ஆண்டு வரை, முந்தைய குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 20 ஆண்டு வரை சிறை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பிரிட்டனில் 'வெளியேற்றம்' வேறு, 'நாடுகடத்தல்' வேறு. விசாக் காலம் கடந்தவரை அனுப்புவது முதல் வகை. பொதுநலன் கருதி, பெரும்பாலும் குற்றத் தண்டனைக்குப் பிறகு அனுப்புவது இரண்டாம் வகை. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவருக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 2007-ஆம் ஆண்டின் சட்டப்படி நாடுகடத்தல் தானாகவே வரும். அந்த உத்தரவை ரத்து செய்யும்வரை அது உயிரோடு இருக்கும். முதல் வகையில், விதிமீறலுக்குப் பிறகு சொந்தச் செலவில் தாமாகப் போனவருக்கு 12 மாதம், அரசுச் செலவில் தாமாகப் போனவருக்கு 2 அல்லது 5 ஆண்டு, வலுக்கட்டாயமாக அனுப்பப்பட்டவருக்கு 10 ஆண்டு. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்பதில்கூடத் தடையின் நீளம் இருக்கிறது.

தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் ஒரு நாடு விதிக்கும் நுழைவுத் தடை 29 நாடுகளுக்கும் பொருந்தும், ஏனென்றால் அது ஷெங்கன் தகவல் அமைப்பு என்ற பொதுப் பதிவில் ஏறிவிடுகிறது. ஒரு நாடு அனுப்பிவிட்டது, பக்கத்து நாட்டில் விசா கேட்டுப் பார்க்கலாம் என்பது அங்கே நடக்காது. 2008-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறைப்படி தடை பொதுவாக 5 ஆண்டைத் தாண்டக்கூடாது. பொதுப் பாதுகாப்புக்குக் கடும் ஆபத்து என்றால் தாண்டலாம். அந்த ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற வழக்கில், உத்தரவு பிறந்த நாளிலிருந்து அல்ல, உண்மையில் வெளியேறிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. உத்தரவை வாங்கிக்கொண்டு உள்ளேயே ஒளிந்திருந்த ஆண்டுகள் கழியா என்று அர்த்தம்.

ஆஸ்திரேலியா பல தற்காலிக விசாக்களுக்கு 3 ஆண்டுத் தடை விதிக்கிறது. விசா முடிந்து 28 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் தானே கிளம்பியவருக்கும் இது பொருந்தும். வெளியேற்றிய செலவையும் கடனாக எழுதிவைப்பார்கள். அதைக் கட்டாமலும், கட்ட ஏற்பாடு செய்யாமலும் அடுத்த விசா கிடைப்பது கடினம். ஐக்கிய அரபு அமீரகத்தில் நாடுகடத்தப்பட்டவர் உரிய ஆணையத்தின் அனுமதி இல்லாமல் திரும்ப முடியாது. கண்ணின் கருவிழிப் படலத்தைப் பதிவுசெய்து ஒப்பிடுவதை அங்கே 2000-களின் தொடக்கத்திலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்படியானால் ஒரு நாடு அனுப்பியது எல்லா நாட்டுக்கும் தெரிந்துவிடுமா? நாடுகடத்தப்பட்டவர்களின் உலகப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. இன்டர்போல் தேடுவது குற்ற வழக்குகளில் தொடர்புடையவர்களை. விசாக் காலம் கடந்து தங்கியவரின் பெயர் அதனாலேயே அங்கே போய்விடாது. ஒரு நாடு போட்ட தடை இன்னொரு நாட்டைக் கட்டுப்படுத்தவும் செய்யாது, ஷெங்கன் போன்ற கூட்டு ஏற்பாடுகள் நீங்கலாக. ஆனால் தகவல் நகர்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் குடியேற்ற விஷயத்தில் கைரேகையை ஒப்பிட்டுத் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. பாஸ்போர்ட் எண் மாறலாம், பெயரின் எழுத்துகூட மாறலாம், விரல் மாறாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபர் 12 முதல் கட்டங்கட்டமாகக் கொண்டுவந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில், குறுகிய காலப் பயணிகளின் முகப்படமும் கைரேகையும் எல்லையிலேயே பதிவாகின்றன.

பலர் யோசிக்காத ஒன்று, இடைவழி விமான நிலையம். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும். அதைத் தவிர்த்து அடுத்த விமானம் ஏறும் வசதி அங்கே இல்லை. தடை உள்ளவர் அங்கே போகவே நினைக்காமல், மலிவாகக் கிடைத்தது என்று அந்த வழியாக டிக்கெட் எடுத்தால், கிளம்பும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடலாம்.

சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் போய்விடுமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வேறொரு நாடு உங்களை அனுப்பியதனாலேயே உங்கள் குடியுரிமை போய்விடாது. தன் நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் எதேச்சையாகப் பறிக்கக்கூடாது என்று 1966-ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை சொல்கிறது. போவது, நீங்கள் இருந்த நாட்டில் பெற்றிருந்த தகுதி. இறுதி அகற்றல் உத்தரவு வந்தால் அமெரிக்காவில் பச்சை அட்டை வைத்திருந்தவரின் நிரந்தர வசிப்புரிமை முடிந்துவிடும். பிரிட்டனில் நாடுகடத்தல் உத்தரவு, கையிலிருக்கும் தங்கும் அனுமதியைச் செல்லாததாக்கிவிடும். "கணவர் அந்த நாட்டுக் குடிமகன்தானே, பிள்ளை அங்கேதானே பிறந்தது" என்ற ஆறுதலை நம்பி வழக்கைக் கவனிக்காமல் விடாதீர்கள். குடும்ப உறவு தடையைத் தானாக நீக்காது. தடையைத் தளர்த்தக் கேட்கும்போது எடுத்துவைக்கும் வலுவான காரணமாக அது பயன்படும். அதையும் நாம்தான் ஆவணங்களோடு நிறுவ வேண்டும்.

தடைக்காலம் முடிந்தால் விசா கிடைத்துவிடும் என்பதும் பரவலான நம்பிக்கை. விண்ணப்பிக்கும் தகுதி திரும்புகிறது, அவ்வளவே. அதிகாரி பழைய கோப்பைத் திறந்து, இந்த முறை விதியை மதிப்பாரா என்று பார்ப்பார். காலம் முடிவதற்கு முன்பே போக வேண்டிய கட்டாயம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் ஐ-212 என்ற படிவம், மீண்டும் விண்ணப்பிக்க அனுமதி கேட்பது. பொய்த் தகவல், சட்டவிரோதத் தங்கல் போன்ற வேறு தடைகளும் இருந்தால் ஐ-601 தனியாக வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி மற்றொன்றைத் தீர்க்காது. தற்காலிக விசாவுக்குத் தூதரகம் வழியாகக் கேட்கும் விலக்கு இன்னொரு பாதை. எல்லாவற்றிலும் எடைபோடுவது ஏறக்குறைய ஒன்றையேதான்: அப்போது என்ன நடந்தது, அதன்பின் எப்படி வாழ்ந்தீர்கள், இப்போது எதற்காகப் போகிறீர்கள்.

எனவே மீண்டும் அந்த இரண்டு வட்டங்களுக்கு வருவோம். 'இல்லை' என்று பொய் சொன்னால் என்ன ஆகும்? கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 ஆண்டுத் தடை. பிரிட்டனில் 10 ஆண்டு வரை. அமெரிக்காவில், விலக்குக் கிடைத்தாலொழிய, ஆயுள் முழுக்க. பழைய தடை முடிந்துபோயிருக்கலாம், அது வெறும் 1 ஆண்டுத் தடையாக இருந்திருக்கலாம். அதை மறைக்கச் சொன்ன பொய், அதைவிடப் பல மடங்கு நீளமான புதிய தடையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. "இல்லை என்று போட்டுவிடுங்கள், யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று சொல்லும் முகவர்கள் கட்டணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். கையெழுத்து உங்களுடையது, தடையும் உங்கள் பெயரில்தான் விழும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நடுநிலையே கிடையாது.

கேள்வியின் சொற்களையும் ஊன்றிப் படியுங்கள். சில படிவங்கள் நாடுகடத்தலை மட்டும் கேட்கும். சில, விசா மறுப்பு, எல்லையில் நுழைவு மறுப்பு, வெளியேறச் சொன்ன உத்தரவு என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்துக் கேட்கும். சில அந்த நாட்டை மட்டும் கேட்கும், சில எல்லா நாடுகளையும். விமான நிலையத்தில் கோரிக்கையைத் திரும்பப் பெற்றவர் நாடுகடத்தப்படவில்லைதான். ஆனாலும் நுழைவு மறுப்பைப் பற்றிய கேள்விக்கு அவர் யோசித்தே பதில் சொல்ல வேண்டும்.

காகிதம் தொலைந்துவிட்டதா? உங்கள் கோப்பின் நகலைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஏ என்ற எழுத்தில் தொடங்கும் உங்கள் அந்நியர் பதிவு எண் பழைய தாள் எதிலாவது இருந்தால் தேடுவது எளிது. பிரிட்டனிலும் கனடாவிலும் தம்மைப் பற்றிய தனிப்பட்ட தகவலைக் கேட்கும் முறைகள் உள்ளன. ஷெங்கன் தகவல் அமைப்பில் தம் பெயர் இருக்கிறதா என்று கேட்கவும், தவறாக இருந்தால் திருத்தக் கோரவும் எந்த நாட்டவருக்கும் உரிமை உண்டு. பதில் வர மாதங்கள் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு நினைவை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். நினைவில் இருக்கும் தேதியும் கோப்பில் இருக்கும் தேதியும் வேறாக இருந்தால், அதையே பொய் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

கோப்பு கைக்கு வந்த பிறகு 'ஆம்' என்ற வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உடனே கீழே ஒரு கட்டம் திறக்கும்: "விவரம் தருக." அங்கே கண்ணீரும் வேண்டாம், வாதமும் வேண்டாம். இப்படிச் சில வரிகள் போதும்: "மாணவர் விசா முடிந்த பிறகு 5 மாதம் கூடுதலாகத் தங்கினேன். எனக்குப் புறப்பாட்டு உத்தரவு தரப்பட்டது. கெடுவுக்குள் சொந்தச் செலவில் வெளியேறினேன். உத்தரவின் நகலும் புறப்பாட்டுச் சான்றிதழும் இணைத்திருக்கிறேன். அதன்பின் மூன்று நாடுகளுக்குப் பயணம் செய்து, அனுமதித்த நாட்களுக்குள் திரும்பியிருக்கிறேன். முத்திரைப் பக்கங்களின் நகல் இதோ."